பாங்காக்கில் சிக்கனமாகத் தங்க எந்தப் பகுதி? காவ்சானா, யாவரத்தா, பிரத்துநாமா?

பாங்காக்குக்கு விமான டிக்கெட் எடுத்த பிறகு வரும் முதல் கேள்வி, எந்தப் பகுதியில் அறை போடுவது என்பது. பெரும்பாலோர் தங்குமிடச் செயலியைத் திறந்து, விலை குறைந்தது முதலில் வரும்படி அடுக்கி, மேலே வந்ததைப் பிடித்துவிடுகிறார்கள். இந்த ஊரில் மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரே தரத்து அறைக்குப் பகுதிக்குப் பகுதி வாடகை 100, 200 பாத் அளவில்தான் கூடிக் குறைகிறது. வழிச்செலவும் வழியில் போகும் நேரமும் அதைவிட அதிகமாக மாறுகின்றன. ஒரு பாத்துக்கு ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல்முறை போகிறவர் எப்படியும் பார்க்கும் மூன்று இடங்களின் நுழைவுக் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள். அரண்மனைக்கு 500 பாத், சயனப் புத்தர் இருக்கும் வாட் போ கோயிலுக்கு 300, ஆற்றின் மறுகரையில் நிற்கும் வாட் அருணுக்கு 200. ஆக 1,000 பாத். இதில் பேரம் கிடையாது. சாலையோரக் கடையில் ஒரு வேளைச் சாப்பாடு 50 முதல் 70 பாத்துக்குள் முடிந்துவிடுவதால் அதிலும் பெரிதாகக் குறைக்க ஒன்றுமில்லை. மிச்சம் பிடிக்க முடிவது அறையிலும் போக்குவரத்திலும்தான். இரண்டும் ஒரே முடிவில் அடங்கியவை என்பதால், ஊர் எப்படி நகர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைக்கு மேலே ஓடும் பிடிஎஸ் ரயில் 1999 டிசம்பரில் வந்தது. தரைக்கடியில் ஓடும் எம்ஆர்டி நீலத்தடம் 2004இல். இரண்டும் வேறு வேறு அமைப்பு. ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறினால் கட்டணம் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கும். இரண்டிலும் மிகக் குறைந்த டிக்கெட்டே 17 பாத். ஆகவே ஒரே பயணத்தில் ரயில் மாற மாறச் செலவு ஏறும். தினமும் போக வேண்டிய இடங்கள் உங்கள் தடத்திலேயே இருந்தால் இந்த இழப்பு இல்லை.

ரயிலுக்கு அடுத்தது தண்ணீர். சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டி ஓடும் படகில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாத். அதே துறைகளில் நீலக்கொடிச் சுற்றுலாப் படகும் நிற்கும். அதற்குக் கட்டணம் நன்றாகவே கூடுதல், போகிற வழி ஒன்றுதான். பெரிய துறையில் டிக்கெட் மேசையில் இருப்பவர் உங்களைப் பார்த்ததும் நீலக்கொடிக்கே கைகாட்டுவார். 'ஆரஞ்சு' என்று சொல்லிக் காத்திருங்கள், வரும். இன்னொன்று, ஊரின் குறுக்கே கிழக்கு மேற்காக ஓடும் சான்சாப் கால்வாய்ப் படகு. தண்ணீர் கறுப்புதான், நாற்றமும் உண்டு. ஆனால் சாயங்கால நெரிசலில் சாலையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய தூரத்தை அது கால் மணியில் கடக்கும். 20 பாத்தை ஒட்டித்தான் செலவு. படகு கரையில் சில நொடிகளே நிற்கும். மூட்டுவலி உள்ளவர்களையும் கைக்குழந்தையையும் அதில் ஏற்ற வேண்டாம். ஆற்றுப் படகையோ கால்வாய்ப் படகையோ இருட்டிய பிறகு நம்பியிருக்க முடியாது.

இப்போது பகுதிகளுக்கு வருவோம்.

காவ்சான் சாலை என்ற பெயர் முதுகுப்பை போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிற எல்லோருக்கும் தெரியும். 1980களிலிருந்தே மலிவு விடுதிகளின் தெரு. டார்ம் படுக்கை, அதாவது பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு படுக்கை, 300 பாத்தை ஒட்டிக் கிடைப்பது இங்கே இன்றும் சாதாரணம். அரண்மனை, வாட் போ, தேசிய அருங்காட்சியகம் எல்லாம் நடை தூரம். பிரா ஆதித் படகுத்துறை பக்கத்திலேயே. இவ்வளவையும் கேட்டால் முடிவு ஆகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் இங்கே ரயில் கிடையாது. அருகிலுள்ள மெட்ரோ நிலையம் சாம் யோத், இரண்டு கிலோமீட்டர் தள்ளி. கொளுத்தும் வெயிலில் அந்த இரண்டு கிலோமீட்டரை நடக்க மனம் வராமல், நம் ஆட்டோ மாதிரியான டுக்டுக்கைக் கூப்பிடுவீர்கள். அதற்கு மீட்டர் இல்லை, வெளிநாட்டுக்காரரிடம் 100 பாத்துக்குக் குறைந்து ஆரம்பிப்பதும் இல்லை. அரண்மனையைச் சுற்றிய பழைய நகரத்துக்கு வெளியே, பேரங்காடிகள் நிறைந்த சியாம், சந்தை கூடும் சதுசக் என்று ஒவ்வொரு முறை போகும்போதும் இதே கதை. நாளுக்கு இரண்டு முறை டாக்சியோ டுக்டுக்கோ பிடித்தால் மலிவுப் படுக்கையில் மிச்சம் பிடித்தது அதற்கே சரியாகிவிடும்.

அடுத்தது சத்தம். நள்ளிரவு தாண்டியும் ஒலிபெருக்கி ஓயாது. காவ்சானிலேயே தங்குவதென்று முடிவு செய்தால் அந்தத் தெருவில் எடுக்காமல், வாட் சனா சொங்க்ராம் கோயிலைச் சுற்றி வளையும் ராம்புத்ரி சந்தில் எடுங்கள். மரநிழலும் அமைதியும் இருக்கும், விலையும் பெரிதாக ஏறாது. இருபது இருபத்தைந்து வயதில் தனியாகப் போகிறவர்கள், பல நாட்டு ஆட்களோடு பேசிப் பழக ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக இங்கே தங்கலாம். அந்தச் சூழல் வேறு எந்தப் பகுதியிலும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

எனக்குப் பிடித்தது யாவரத், அதாவது சைனா டவுன். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2019க்கு முன் யாவரத்தும் காவ்சான் மாதிரியேதான், நடுப்பகுதியில் ரயில் கிடையாது. அந்த ஆண்டு நீலத்தடத்தை நீட்டியதும் நிலைமை மாறியது. ஹுவா லம்போங், வாட் மங்கோன், சாம் யோத், சனாம் சாய் என்று அடுத்தடுத்து நான்கு நிலையங்கள். வாட் மங்கோனில் ஏறி இரண்டாவது நிலையமான சனாம் சாயில் இறங்கினால் வாட் போ சில நிமிட நடை, அங்கிருந்து அரண்மனையும் நடை தூரமே. டிக்கெட் சுமார் 20 பாத். சனாம் சாய் நிலையத்தையே ஒரு சிம்மாசன மண்டபம் போலத் தூண்களும் பொன்வேலையுமாகக் கட்டியிருக்கிறார்கள். மேலே ஓடிவிடாமல் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அதே தடத்தில் எதிர்த்திசையில் போனால் லும்பினி பூங்கா, சுகும்வித், வாரக்கடைசிச் சந்தை கூடும் சதுசக் எல்லாம் ரயில் மாறாமலே வரும். படகு வேண்டுமென்றால் ராட்சவோங் துறைக்கு நடந்துவிடலாம்.

நீலத்தடத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. தட்டிப் பணம் செலுத்தும் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை நுழைவு வாயிலில் வைத்தாலே கதவு திறக்கும். நம் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஊரிலேயே திறந்து வைத்துக்கொண்டால் தினமும் சில்லறை தேடி வரிசையில் நிற்க வேண்டாம். அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். அங்கே வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாத் அல்லது அதற்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். அது ஒரு இரவின் டார்ம் வாடகையை நெருங்கும் தொகை. கையில் டாலராகக் கொண்டுபோய், சுவர்ணபூமி விமான நிலையத்தின் அடித்தளத்தில், ரயிலுக்குப் போகும் இடத்தில் இருக்கும் மாற்றுக் கடைகளில் மாற்றினால் நல்ல விலை வரும். மேல்தள வங்கி மேசைகளில் குறைத்தே தருவார்கள்.

யாவரத்தில் பொழுது சாய்ந்ததும் சாலையின் இருபுறமும் அடுப்பு எரியத் தொடங்கும். பகலில் தங்க நகைக் கடைகளாக இருந்த வரிசைக்கு முன்னால் மேசை நாற்காலி வந்துவிடும். மிளகு தூக்கலான சூப், நெருப்பு எகிறும் வாணலியில் வதக்கிய கீரை, கடல் உணவு, மாதுளைச் சாறு. அறைக்குக் கீழே இறங்கினால் இரவுச் சாப்பாடு. அதற்காக வண்டி ஏற வேண்டியதே இல்லை, சாப்பிட்டுவிட்டு ஊரின் மறுகோடிக்குத் திரும்பும் கவலையும் இல்லை. பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது பகலில் எங்கே போவோம் என்பதை மட்டுமே பலரும் யோசிக்கிறார்கள். இரவு எங்கே சாப்பிட்டு எப்படித் திரும்புவோம் என்பது அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். பாங்காக் ரயில்கள் நள்ளிரவோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு சுற்றுலாப் பயணியிடம் மீட்டர் போடும் டாக்சி அமைவது கஷ்டம். ஒன்றை மறக்க வேண்டாம்: திங்கட்கிழமை இந்தச் சாலையோரக் கடைகளில் பெரும்பாலானவை இருக்காது.

குறைகளும் உண்டு. பழைய கடைவீடுகளைப் பிரித்து அறை போட்டதால் பல ஹாஸ்டல்களில் ஜன்னலே கிடையாது. படங்களில் அது தெரியாதபடி விளக்குப் போட்டு எடுத்திருப்பார்கள். அறை விவரத்தில் 'ஜன்னல்' என்று தனியாகக் குறிப்பிடவில்லை என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்டும் பல இடங்களில் இருக்காது. செங்குத்தான மரப்படியில் பெட்டி தூக்க வேண்டும். படுக்கை 350 முதல் 500 பாத் வரை, காவ்சானைவிடச் சற்றுக் கூடுதல். இன்னொரு குழப்பம், இங்கே நானா என்றொரு சந்து உண்டு, சுகும்விதில் நானா என்றே ஒரு ரயில் நிலையப் பகுதி உண்டு. டாக்சியில் வெறுமனே 'நானா' என்றால் ஊரின் மறுபக்கம் கொண்டுபோய் விடுவார்கள். 'யாவரத்' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் யாவரத் என்றதும் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமே. கடைகளில் பன்றியும் கடல் உணவும்தான் முதன்மை. வெறும் காய்கறி என்று கேட்டாலும் மீன் சாஸோ சிப்பி சாஸோ விழுந்துவிடும். ஆனால் யாவரத்தின் மேற்குக் கோடியிலிருந்து சற்று நடந்தால் பாஹுரத். துணிக்கடைகள் நிறைந்த இந்தியக் கடைத்தெரு அது. நடுவில் பொற்கூரையோடு பெரிய குருத்வாரா. சுற்றியுள்ள சந்துகளில் ரொட்டி, பருப்பு, தோசை வரை கிடைக்கும். தாய் உணவுதான் வேண்டும், ஆனால் சைவமாக வேண்டும் என்றால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தோடு தொங்கும் 'ஜே' கடைகளைத் தேடுங்கள். அங்கே முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்கமாட்டார்கள். மற்ற கடைகளில் 'கின் ஜே' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். முடியாது என்றால் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுவார்கள்.

பாஹுரத்துக்கு வரும் சாம் யோத் நிலையத்திலிருந்து ராட்சத ஊஞ்சலுக்கும் நடந்தே போகலாம். செந்நிறத் தேக்குத் தூண்கள் வானுயர நிற்கும். மார்கழியை ஒட்டி அங்கே நடக்கும் அரச வழிபாட்டில் பக்கத்துத் தேவஸ்தானத்துப் பிராமணர்கள் திருவெம்பாவை ஓதும் மரபு இன்னும் இருக்கிறது. ஊஞ்சலாடும் சடங்கை 1930களில் நிறுத்திவிட்டார்கள். மாணிக்கவாசகர் பாட்டு இவ்வளவு தூரம் வந்து இத்தனை காலம் நிலைத்திருக்கும் இடத்தைக் காசு கொடுக்காமல் பார்த்துவிட்டு வரலாம். அரண்மனைக் கூட்டத்தைவிட இது எனக்கு நெருக்கமானது.

தமிழ்நாட்டிலிருந்து குழுவாகப் போகிறவர்களை ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் பிரத்துநாமில் இறக்குவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. மொத்த விலைத் துணிச்சந்தை காலடியில். இந்திய உணவகங்கள் நிறைய. இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் ஏசி அறை தலைக்கு 400 பாத்தை ஒட்டி வந்துவிடும், லிஃப்டும் இருக்கும். விமான நிலைய ரயில் நிற்கும் ராட்சபிராரோப் நிலையம் பக்கத்தில் இருப்பதால் சுவர்ணபூமியிலிருந்து 40 பாத்தில் வந்து சேரலாம். கால்வாய்ப் படகின் பிரத்துநாம் துறையில் ஏறினால் மேற்கே பொன்மலைக் கோயில் பக்கம் இறக்கிவிடும். குழந்தைகள், பெரியவர்கள், சைவச் சாப்பாடு, துணி வாங்கும் எண்ணம் இவற்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினாலும் பிரத்துநாமையே எடுங்கள், யாவரத்துக்காக வருந்த வேண்டாம்.

பிரத்துநாமின் பிரச்சினை சாலை. ஊரின் மிக மோசமான நெரிசல்களில் ஒன்று அந்தச் சந்திப்பு. பிடிஎஸ் நிலையத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். அந்த நடைபாதையில் பாதியைக் கடைகள் எடுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நாளும் பழைய நகரத்துக்குப் போகிற திட்டம் இருந்தால் இது அலுப்புத் தரும். ஒரு நாள் அங்கே, மற்ற நாட்கள் சியாம், சந்தை என்றிருந்தால் சரியாக இருக்கும். சியாம் வட்டாரத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்குள்ள நகரக் கலை மையத்துக்குக் கட்டணமில்லை, திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.

சீலோமைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தை வைத்துப் பார்த்தால் இதைவிட நல்ல இடம் இல்லை. பிடிஎஸ், எம்ஆர்டி இரண்டும் சந்திக்கின்றன. சாலையின் மறுகோடியில் சபான் தக்சினில் ரயிலும் ஆற்றுப் படகும் சந்திக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது. உள்ளே போனால் கும்பிட்டுக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள் என்பதைப் பார்க்கும்போது மனம் நிறையும். நவராத்திரி முடிவில் ஊர்வலத்துக்காகச் சாலையையே அடைப்பார்கள். ஆனால் அலுவலகப் பகுதி என்பதால் வாடகை கூடுதல், நல்ல டார்ம் 500 பாத்தைத் தாண்டும். விலையில் கொஞ்சம் தளர்வு இருப்பவர்களுக்கு, அதிலும் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு, சபான் தக்சின் பக்கம் ஒரு எளிய ஹோட்டல் கிடைத்தால் யோசிக்க வேண்டியதில்லை.

சுகும்வித் நீளமான சாலை. அசோக், நானா வட்டாரம் சிக்கனப் பயணிக்கு விலை அதிகம். இரவு வாழ்க்கைக்காக வருகிறவர்களின் கூட்டமும் எல்லோருக்கும் ஒத்துவராது. அதனால் பலர் இன்னும் கிழக்கே ஓன் நுத் வரை போய் மலிவாக அறை எடுக்கச் சொல்வார்கள். அறை உண்மையிலேயே பெரிது, வாடகை 200 பாத் வரை குறையும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓன் நுத்திலிருந்து சபான் தக்சினுக்கு பிடிஎஸ் 47 பாத், அங்கிருந்து அரண்மனைக்குப் படகு 16. ஒரு வழிக்கு 63, போகவர 126. யாவரத்திலிருந்து இதே பயணம் போகவர 40 பாத்துக்குள். ஆளுக்கு 86 பாத் வித்தியாசம், இரண்டு பேர் என்றால் 172. 200 பாத் மிச்சத்தில் ஏறக்குறைய எல்லாம் அங்கேயே போய்விட்டது. நேரம் வேறு ஒரு வழிக்கே ஒரு மணிக்கு மேல். ஒரு மாதம் தங்கி லேப்டாப்பில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஓன் நுத் அருமையான இடம். சந்தை, சமையலறை உள்ள அறை, உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடைகள் எல்லாம் உண்டு. நான்கு நாள் பயணிக்கு அது பொருந்தாது.

எந்த விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்பதும் முடிவைக் கொஞ்சம் அசைக்கும். ஏர் ஏசியா டான் முவாங்கில் இறக்கும். மற்ற பெரிய நிறுவனங்கள் சுவர்ணபூமியில். டான் முவாங்கிலிருந்து காவ்சானுக்கு ஏ4 பேருந்து 50 பாத்தில் நேராகப் போகிறது. யாவரத்துக்கு என்றால் 2021இல் வந்த சிவப்புத்தட ரயிலில் பாங் சூ சென்று நீலத்தடத்தில் மாறலாம். சுவர்ணபூமியிலிருந்து யாவரத்துக்கு விமான நிலைய ரயிலில் வந்து மக்காசானில் இறங்கி நீலத்தடத்துக்கு மாற வேண்டும், மொத்தம் 100 பாத்துக்குள் முடியும். காவ்சானுக்கு எஸ்1 பேருந்து 60 பாத். சென்னையிலிருந்து இரவு விமானம் பிடித்தால் விடிகாலையில் இறங்குவீர்கள். தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால். அறையோ மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். பையை வாங்கி வைத்துக்கொள்ளும், பொதுக் குளியலறையைத் திறந்துவிடும் ஹாஸ்டல் எது என்று புக்கிங் போடும் முன் கேட்டுவிடுங்கள். இரவுத் தூக்கம் இல்லாத உடம்புக்கு 50 பாத் தள்ளுபடியைவிட அது பெரிய உதவி. வருகைப் பதிவு அட்டையையும் 2025 மே முதல் இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

பழைய நகரத்தில் எங்கே தங்கினாலும் ஒரு எச்சரிக்கை. அரண்மனைச் சுவரோரம் நல்ல உடையில் ஒருவர் வந்து, "இன்று பூஜை, அரண்மனை மதியத்துக்கு மேல்தான் திறக்கும், அதற்குள் 20 பாத்தில் ஊர் சுற்றிக் காட்டுகிறேன்" என்பார். அந்த டுக்டுக் ரத்தினக் கடையிலும் தையல் கடையிலும்தான் போய் நிற்கும். காலை எட்டரைக்கே வாயில் திறந்துவிடும். நேராக டிக்கெட் சாளரத்துக்குப் போய்ப் பாருங்கள். முழங்காலும் தோளும் மூடிய உடை கட்டாயம்.

மூன்று நான்கு இரவு தங்குபவர்கள் இரண்டு பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் இரண்டு மூன்று இரவு யாவரத்தில் தங்கி ஆறும் கோயில்களும் முடித்து, கடைசி இரவை மட்டும் பிரத்துநாமுக்கு மாற்றினால், துணி வாங்கி முடித்த கையோடு விமான நிலைய ரயிலைப் பிடிக்கலாம். திரும்பும் விமானம் இரவு என்றால் மதியம் அறையைக் காலி செய்து பையை விடுதியிலேயே வைத்துவிட்டு, ஐந்து மணி வாக்கில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் டாக்சி ஏறினால் சுவர்ணபூமி சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓட்டுநராலேயே சொல்ல முடியாது. ரயிலில் அரை மணிதான்.